ஐந்து வெள்ளி

பத்து வெள்ளித் தாள் வேண்டாம்.
அது காகிதம்,
எட்டாவது கிலோமீட்டரில் வியர்வை ஊறிக் கூழாகிவிடும்.
ஐந்து வெள்ளி பிளாஸ்டிக்.
நான்காக மடித்து, கைப்பேசி உறைக்குள் செருகி
இரண்டு வருடமாகச் சுமந்துகொண்டிருந்தேன்,
முடியாமல் போகிற நாளுக்கு.

ஜெலுத்தோங், ஞாயிறு, ஐந்தேகால்.
லிஃப்டில் நானும்
மீன் வாங்கப் போகும் ஐந்தாம் மாடி மாசிலாமணியும்.
அவர் என் காலணியைப் பார்ப்பார்,
நான் அவர் கூடையைப் பார்ப்பேன்.
"யாரு தொரத்துறாங்க?" என்று ஒருநாள் கேட்டார்.
பதில் யோசிப்பதற்குள்
கீழ்த்தளம் வந்துவிட்டது.

தொடை உரசும் இடத்தில் வாஸ்லின்.
இதைக் கற்றுக்கொள்ள
ஒரு திங்கட்கிழமை முழுக்க
சரக்குக் கப்பல் அலுவலகத்தில்
கால் அகட்டி நடந்திருக்கிறேன்.
நகத்தை நேராக வெட்ட வேண்டும்,
அதுவும் இரண்டு நாள் முன்பே.
தவறினால் கட்டைவிரல் நகம்
முதலில் நாவல்பழம்,
பிறகு அதுவும் இல்லை.
புனிதமலர் கல்யாணத்துக்கு
நகம் இருந்த இடத்தில், தோலின் மேலேயே
சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு போனேன்.
நகைக்கடை வைத்திருக்கும் அவள் மாமியார்கூடக் கண்டுபிடிக்கவில்லை.

பேச முடிகிற வேகத்தில் ஓடு என்கிறார்கள்.
தனியாக ஓடுகிறவள் யாரிடம் பேச?
ஏழாம் வாய்ப்பாடு சொல்கிறேன்.
ஏழேழு நாற்பத்தொன்பதில் மூச்சு வாங்கினால்
வேகத்தைக் குறைக்கிறேன்.
எழுபதைத் தாண்டிப் பாட்டுப்போல் வந்தால்
கொஞ்சம் கூட்டுகிறேன்.

படகுத்துறை அருகே மூன்று நாய்கள்.
ஓடினால் துரத்தும்.
நடந்தால்
வேறு வேலையாக வந்ததுபோல் மண்ணை முகரும்.
நடக்கிறேன்.
அந்த நாற்பது மீட்டரையும் கடிகாரம்
என் சராசரியில் சேர்த்துவிடுகிறது.
சேர்க்கட்டும்.

சுபுஹ் பாங்கு ஒரு பக்கம்,
கடல் வற்றிய சேற்று வாடை மறுபக்கம்.
காற்று என்ற ஒன்றே இல்லை,
ஈரத்துணியை முகத்தில் போட்டுக்கொண்டு
மூச்சுவிடுவதுபோல் இந்தத் தீவு.
போன மார்ச்சில், பாலத்தைப் பார்த்தபடி
பதின்மூன்றாவது கிலோமீட்டரில்
இடது கெண்டைக்காலை யாரோ பிழிந்தார்கள்.

வலியா சோம்பலா என்று தெரிய
பத்தடி நடந்து பார்க்க வேண்டும்.
சோம்பல் பத்தடிக்குள் வெட்கப்பட்டுவிடும்.
வலி கூடவே நடந்து வரும்.
வந்தது.

பேருந்து ஓட்டுநர் காசுப் பெட்டியைத் தட்டிக் காட்டினார்,
மீதி தருவதற்கில்லை.
முழுத் தாளையும் போட்டேன்.
இரண்டு வருடம் நனைந்த தாளைப்
பெட்டி ஒரே வாயில் விழுங்கியது.

கம்பியைப் பிடித்து நின்றேன்.
மருத்துவமனைத் துப்புரவுச் சீருடையில் ஒருத்தி
பையை மடிக்கு நகர்த்தி
"உக்காரு" என்றாள்.
"சீட்டு நனையும்."
"காயும்."

உட்கார்ந்தேன்.
ஒன்றரை மணி நேரம் ஓடி வந்த சாலையை
பதினோரு நிமிடத்தில் திருப்பிச் சுருட்டியது பேருந்து.
படகுத்துறை நாய்கள் படுத்திருந்தன.
ஒன்று மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு
திரும்பவும் வைத்துக்கொண்டது.
அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன்.
பசிதான் வந்தது.
இரண்டு ரொட்டி சானாய், சீனி போட்ட தே,
பசியாறிவிட்டுத்தான் மாடி ஏறினேன்.

மூன்று வாரம் ஓடவில்லை.
நான்காவது வாரம் மூன்றே கிலோமீட்டர்,
உறைக்குள் வேறொரு பச்சைத் தாள்,
இது மொடமொடப்பாக இருந்தது.

லிஃப்டில் மாசிலாமணி
கூடையைக் கை மாற்றிக்கொண்டு கேட்டார்:
"என்ன, புடிச்சிட்டாங்களா?"

"ஒரு தடவ" என்றேன்.